இடைவேளையும் இடைமுறிவும்

நம் இந்துக் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து அனுப்புமாறு மலர்க் குழுவினர் அன்புடன் பணித்தனர். கல்லூரித் தாயின் கட்டளையை மறுக்கும் வழக்கம் அவள் மைந்தர்க்கு இல்லை. எனினும் எதனை எழுதுவது? கல்லூரியின் வரலாற்றை எழுத எம்மினும் மூத்தோர் உளர். விளையாட்டரங்கப் புகழை எழுத அங்கு வென்றோர் உளர். தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எமக்குச் சொற்களையன்றி வேறு முதல் இல்லை. ஆதலின், ஒலுவிலில் ஆசிரியப் பணி ஆற்றிவரும் நாள்களில் எம் சிந்தையை விட்டு நீங்காத சில சொற்களைப் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அவை தமிழ்ச் சொற்கள் அல்ல, ஆங்கிலச் சொற்கள். பிறேக், கெப், இன்ரவல் முதலாக, இடையீட்டையும் முறிவையும் குறித்து நிற்பவை. தமிழாசிரியனுக்கு ஆங்கிலச் சொல்லில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். இச்சொற்கள் இன்று எம் மாணவர் நாவிலும், அவர்தம் பெற்றோர் நாவிலும், ஆசிரியர் ஓய்வறையிலும் தமிழ்ச் சொற்களைப் போலவே புழங்குகின்றன. வீட்டுக்குள் வந்து குடியிருப்பவர் யார், அவர் எவ்வூரார், என்ன குணத்தார் என்று விசாரித்தல் வீட்டுக்காரன் கடமையன்றோ?

முதலில் மணியோசையோடு வரும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘இன்ரவல்’ என்னும் சொல்லை அறியாத பள்ளிப் பிள்ளை இலங்கையில் இல்லை. அதன் பிறப்பிடம் இலத்தீன் மொழி. அம்மொழியில் ‘வல்லம்’ என்பது போர்ப் பாசறையைச் சுற்றி எழுப்பும் மண்ணரணைக் குறிக்கும். இரண்டு அரண்களுக்கு நடுவே கிடக்கும் வெளி எதுவோ அதுவே ‘இன்ரவல்’. நம் பிள்ளைகள் கணிதப் பாடத்துக்கும் விஞ்ஞானப் பாடத்துக்கும் நடுவே ஓடி விளையாடும் அந்தச் சில நிமிடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யார்தாம் இட முடியும்! தமிழில் நாம் ‘இடைவேளை’ என்கிறோம். இலத்தீன்காரன் நிலத்தைப் பார்த்துப் பெயரிட்டான். நாமோ காலத்தைப் பார்த்துப் பெயரிட்டோம். இடத்தைக் கருதும்போது ‘இடைவெளி’ என்னும் வேறொரு சொல்லை வைத்துக்கொண்டோம். நம் நாட்டுக் கணித நூலாசிரியர்கள் இதே சொல்லுக்கு ‘ஆயிடை’ என்னும் பழஞ்சொல்லை எடுத்து, ‘வகுப்பாயிடை’ என்று வழங்கியதையும் நினைவுகூர்தல் தகும். ஒரே ஆங்கிலச் சொல் மூன்று தமிழ்ச் சொற்களாய் நம் வகுப்பறைகளில் உலவுகின்றது.

ஏனைய சொற்களின் குலத்தையும் சுருங்கக் கூறுவோம். ‘ஹொலிடே’ என்பது புனித நாள்; கோயில் திருநாளுக்குத் தொழிலை நிறுத்திய வழக்கத்தில் பிறந்தது. ‘வெக்கேஷன்’ என்பது வெறுமையாதல். பள்ளிக்கூடம் ஆளற்றுக் கிடப்பதை நோக்கியது. ‘ரிசெஸ்’ என்பது பின்வாங்குதல். ‘லாப்ஸ்’ என்பது வழுக்கி வீழ்தல். ‘இன்ரறப்ஷன்’ என்பது இடையிற் புகுந்து முறித்தல். ‘ஹயேற்றஸ்’ என்பது வாய்பிளத்தல். ‘கெப்’ என்பதும், ஸ்கண்டினேவியக் கடலோடிகளின் பழைய மொழியிலிருந்து ஆங்கிலத்துட் புகுந்து, திறந்த வாயையும் பெரும் பிளவையும் குறித்த சொல்லே. ‘கர்பியூ’ என்பதோ பிரெஞ்சு மொழியில் ‘தீயை மூடு’ என்று பொருள்படும் தொடர். இரவில் மணி அடித்ததும் அடுப்பை மூடி அடங்கவேண்டும் என்பது பண்டை ஐரோப்பிய நகரங்களின் வழக்கம். அதனை ‘ஊரடங்கு’ என்று தமிழாக்கியவர் எவராயினும் அவர் நல்ல செவியுடையவர். அடுப்பை விட்டுவிட்டு ஊரைப் பிடித்துக்கொண்டார்.

சொல்லாக்கம் என்றதும் எம் பகுதியாருக்கு நினைவு வருபவர் ஒருவர் உளர். ஒலுவிலிலிருந்து நிந்தவூரைக் கடந்து வடக்கே சென்றால் வரும் காரைதீவில் 1892இல் தோன்றி, 1947இல் மறைந்த விபுலாநந்த அடிகள், 1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்று உழைத்தவர். யாழ் நூல் தந்த அப்பெருமகனார் பௌதிகவியலும் கற்பித்தவர். பிறமொழிச் சொல்லின் பொருளை உள்ளவாறு அறிந்த பின்னரே அதற்குத் தமிழ் காணுதல் வேண்டும் என்னும் ஒழுங்கை அவர் போன்றோரிடமிருந்தே நாம் கற்றோம்.

நிற்க. இச்சொற்கள் யாவற்றுக்கும் அரசன் போல விளங்குவது ‘பிறேக்’ என்னும் சொல். நம் ஊர்களில் இது இரட்டைப் பிள்ளை. பஸ் வண்டியை நிறுத்துவதும் பிறேக். பாடத்தை நிறுத்துவதும் பிறேக். ஆங்கிலத்தில் இவை எழுத்தால் வேறுபட்ட இரு சொற்கள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘பிறேக் இல்லாத வகுப்பும் பிறேக் இல்லாத பஸ்ஸும் ஒன்றுதான் சேர்’ என்று எம் மாணவன் ஒருவன் கூறினான். இரட்டுற மொழிதல் என்னும் அணியை நாம் ஒரு கிழமை பாடுபட்டு விளக்கியதற்கு அவன் ஒரு வாக்கியத்தில் உதாரணம் தந்துவிட்டான்.

ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் செய்யும் வேலைகளை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். கயிறும் கிளையும் சட்டியும் ‘பிறேக்’ ஆகும். பொழுதும் அலையும் இதயமும் செய்தியும் வாக்கும் சட்டமும் மௌனமும் அவ்வாறே. தமிழனோ ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வினையை வைத்திருக்கிறான். கயிறு அறும், கிளை முறியும், முருங்கைக் கொப்பு ஒடியும், சட்டி உடையும், சீலை கிழியும், பொழுது புலரும், மௌனம் கலையும், வாக்குத் தவறும். கயிறு உடைந்தது என்று எழுதும் பிள்ளையை நாம் திருத்துகிறோம். சட்டி அறுந்தது என்று சொல்லும் பிள்ளையைக் கண்டு வகுப்பே சிரிக்கின்றது. பொருளின் இயல்பை அறிந்தே அதன் அழிவுக்குப் பெயரிட வேண்டும் என்பது தமிழின் கோட்பாடு.

இவ்வேற்றுமைக்கு ஓர் அரிய உதாரணத்தை ஒலுவில் மக்களிடமே நாம் கண்டோம். ஆங்கிலத்தில் காலை உணவுக்கு ‘பிறேக்பாஸ்ட்’ என்று பெயர். இரவெல்லாம் கிடந்த நோன்பை முறித்தல் என்பது அதன் சொற்பொருள். றமழான் மாதத்தில் அந்தி வேளையில் நோன்பை நிறைவு செய்வதையும் ஆங்கிலத்தார் நோன்பை ‘பிறேக்’ செய்தல் என்றே கூறுவர். பகலில் எவனேனும் உண்டு நோன்பைக் கெடுத்துக்கொண்டால் அதற்கும் அதே சொல்தான். முடிப்பதும் முறிப்பதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. இங்கே அவ்வாறன்று. பகலில் கெட்டால் ‘நோன்பு முறிந்தது’ என்பர். மாலையில் பாங்கொலி கேட்டுப் பேரீச்சம்பழத்தை வாயிலிடும்போது ‘நோன்பு திறத்தல்’ என்பர். ‘துறத்தல்’ என்று ஒலிப்பாரும் உளர். ஒன்று முறிவு, மற்றையது வாயில் திறத்தல். பசித்திருந்தவனுக்கு இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரியும். ஒரு சமூகம் தன் வழிபாட்டை எவ்வளவு நுட்பமாக எண்ணிப்பார்த்தது என்பதற்கு இச்சொல் வேறுபாடே போதிய சான்று. இந்து சமயச் சூழலில் வளர்ந்து, விரதம் ‘முடித்தல்’ என்றும் ‘பாரணை’ என்றும் சொல்லிப் பழகிய எமக்கு, இச்சொற்களைக் கேட்ட நாளில் ஒரு புதிய நிகண்டைத் திறந்தது போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று.

ஒலுவிலைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் வீதியில், பாலமுனைக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்த ஊர் இது. மேற்கே நெல்வயல், கிழக்கே கடல், வடக்கே களியோடை ஆறு. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கின்றது. வயலுக்குப் போவோரும் கடலுக்குப் போவோரும் பல்கலைக்கழகத்துக்குப் போவோரும் ஒரே தேநீர்க் கடையில் கூடும் ஊர் இலங்கையில் அதிகம் இல்லை.

கிழக்கிலங்கைக் கரையோர மக்களுக்கு இடையீடு என்பது ஏட்டுச் சொல் அன்று. மாரி பெருகும்போது ஆற்றையும் கடலையும் பிரித்து நிற்கும் மணல் திட்டை மண்வெட்டி கொண்டு வெட்டிவிடுவார்கள். அவ்வாறு வெட்டாவிடில் வயல்கள் நீரில் மூழ்கும். காலமறியாது வெட்டிவிட்டாலோ உப்புநீர் உட்புகும், மீன் குஞ்சுகள் கடலோடு போகும். ஆதலின் கமக்காரரும் மீனவரும் கூடிப் பேசியே அதனை வெட்டும் நாளைக் குறிப்பார்கள். அவ்விடத்துக்கு நம்மவர் இட்ட பெயர் யாது? ‘ஆற்றுவாய்’, ‘முகத்துவாரம்’. வடகடல் ஓடிகளின் ‘கெப்’பும், இலத்தீனின் ‘ஹயேற்ற’ஸும் வாயையே குறித்தன என்று மேலே கூறினோம். ஒன்றையொன்று அறியாத மூன்று மக்கட் கூட்டத்தார் பிளவைக் கண்டபோது வாயையே நினைத்தார்கள். பிளவு என்பது வெறும் குறைவு அன்று; அதன் வழியே ஏதோ ஒன்று உண்ணப்படும், அல்லது ஏதோ ஒன்று பேசப்படும்.

இனி, துறைமுகத்தின் கதை. ஒலுவில் கரையில் 2008இல் துறைமுகப் பணி தொடங்கிற்று. 2013இல் அது திறந்துவைக்கப்பட்டது. கடலுக்குள் நீண்ட இரு கற்சுவர்கள் எழுந்தன. அவற்றுக்கு ஆங்கிலத்தில் ‘பிறேக்வோட்டர்’ என்று பெயர். நாம் ‘அலைதடுப்பு’ என்கிறோம். ஆங்கிலச் சொல்லின்படி அஃது உடைப்பது நீரை. தமிழ்ச் சொல்லின்படி தடுப்பது அலையை. ஆனால் கடற்கரையிலே நீரும் அலையும் மட்டுமா ஓடுகின்றன? மணலும் ஓடுகின்றது. கரைக்குச் சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலைக் கரையோரமாகவே நகர்த்திச் செல்லும். எம் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே பயணம் செய்கின்றது. அப்பயணத்தின் குறுக்கே கற்சுவர் நின்றால் தென்புறத்தில் மணல் குவியும். வடபுறத்துக்கு வரவேண்டிய மணல் வாராது. அலையோ வழக்கம்போல் வடபுறத்திலிருந்து மணலை எடுத்துக்கொண்டே போகும். வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் எந்த வீடும் அழியும். அவ்வாறே வடபுறக் கரையும் அழிந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரைவலை இழுத்த இடங்களும், தோணி ஏற்றிவைத்த இடங்களும் கடலாயின. கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. துறைமுக வாயிலும் மணலால் தூர்ந்து, படகுகள் உட்புக முடியாதுபோன காலங்களும் இருந்தன.

அலைதடுப்பு என்னும் சொல்லில் மணலைப் பற்றிய பேச்சே இல்லை. பிறேக்வோட்டர் என்பதிலும் இல்லை. உண்மையில் அங்கே இடைமுறிந்தது எதுவோ, அதற்குப் பெயரே இடப்படவில்லை. பெயரற்ற இழப்பை எவரும் எளிதிற் கணக்கில் எழுதுவதில்லை என்பதற்காகவே இதனை விரித்துக் கூறினோம்.

இந்த இடத்திலேதான் எம் வகுப்பு மாணவன் ஒருவன் கதைக்குள் வருகின்றான். அவன் பெயர் இங்கு வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டு அவன் பத்தாந் தரத்தில் இருந்தான். கட்டுரை எழுதுவதில் வகுப்பிலே முதல்வன். இரண்டாந் தவணையில் அவன் வருகை முதலில் கிழமைக்கு மூன்று நாளாகி, பின்னர் ஒரு நாளாகி, இறுதியில் அறவே நின்றது. ஒரு மாலை வேளை கடற்கரையில் அவனைக் கண்டு காரணம் வினவினோம். வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே மறுமொழி சொன்னான்: “படிப்ப உடல்ல சேர். ஒரு பிறேக் எடுத்திருக்கன். பொறகு வருவன்.”

அந்தச் சொல் எம்மைத் தைத்தது. எவ்வளவு எளிய சொல்! தேநீருக்கு எடுக்கும் பிறேக். தொலைக்காட்சி விளம்பரத்துக்கு விடும் பிறேக். கிரிக்கெட் ஆட்டக்காரர் நீர் அருந்திவிட்டு மீண்டும் ஆடுவது போல, இவனும் சிறிது இளைப்பாறிவிட்டு வந்துவிடுவான் என்பது போன்ற ஒரு பொய்யான ஆறுதல் அச்சொல்லில் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. சொல்லே அவனுக்காகப் பொய் சொல்லிற்று.

அவனுடைய தந்தையிடம் பேசினோம். “காக்கா, பிள்ள நல்லாப் படிக்கிறவன். இன்னும் ஒண்டரை வருசந்தானே?” என்றோம். அவர் கோபங்கொள்ளவில்லை. கை நீட்டிக் கடலைக் காட்டினார். “நாங்க தோணி ஏத்துற இடம் அந்தா, அந்தத் தண்ணிக்குள்ள இரிந்திச்சு சேர். இப்ப நெடுந்தூரம் போய்த்தான் இழுத்து வெக்கணும். கூலிக்கு ஆள் புடிச்சா ஒண்டும் மிஞ்சாது. இவன் ஒரு கை குடுத்தாத்தான் ஊட்டுல அடுப்பெரியும். அவன்ட படிப்ப நான் முறிக்கல்ல சேர்; அது முறிஞ்சித்து.”

எழுத்தறிவு குறைந்த அந்தக் கடற்றொழிலாளி, தாம் அறியாமலே தமிழிலக்கணத்தின் ஒரு பேருண்மையை எடுத்துரைத்தார். முறிந்தது என்பது தன்வினை. முறித்தது என்பது பிறவினை. உடைந்தது, உடைத்தது, விலகியது, விலக்கியது என்பனவும் அத்தகையன. மெல்லெழுத்து வல்லெழுத்தாகியும் வல்லெழுத்து இரட்டித்தும் வருகின்ற அந்தச் சிறு மாற்றத்தில், செய்தவன் ஒருவன் உளன் என்னும் செய்தி அடங்கியிருக்கின்றது. ஆங்கிலத்தின் ‘பிறேக்’ என்பதில் இவ்வேறுபாடு வடிவத்தால் புலப்படாது. கோப்பை தானே உடைந்தாலும் ஒருவன் உடைத்தாலும் வினை ஒன்றே. தமிழிலோ வாய் திறக்கும்போதே ஒரு பக்கத்தைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

பாடசாலைப் பதிவேட்டிலும் இதே சிக்கல் காத்திருந்தது. இத்தகைய மாணவரைக் குறிக்கும் சொல் ‘இடைவிலகல்’. விலகல் என்பது தன்வினை. மாணவன் தானே விலகினான் என்பதே அதன் பொருள். நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம்; ஆதலின் விலகியவன்மேல் ஒரு குற்றச் சாயலையும் அச்சொல் ஏற்றிவிடுகின்றது. அவன் விலகினானா? விலக்கப்பட்டானா? விலக்கியவர் யார்? தந்தையா? அவர் அடுப்பைக் காட்டினார். கடலா? அது மணலைக் காட்டும். கற்சுவரா? கல்லைக் குற்றஞ்சாட்டுதல் பேதைமை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல கைகள் சேர்ந்து வெட்டிய இடைவெளி அது. ‘காரணம்’ என்று தலைப்பிட்ட கட்டத்தில் ‘குடும்ப வறுமை’ என்னும் இரு சொற்களே வழக்கமாக எழுதப்படும். நாம் அக்கட்டம் கொள்ளாதபடி ஐந்து வரி எழுதினோம். கரை அழிந்ததையும், தோணி ஏற்ற இடமின்மையையும், கூலிக் கணக்கையும் எழுதினோம். இவ்வளவு எதற்கு என்று கேட்டவர்க்கு, இவ்வளவும் நடந்ததே என்று மறுமொழி கூறினோம்.

இங்கே வரலாற்றையும் சிறிது நோக்குதல் தகும். எம் தலைமுறையார்க்கு இடைமுறிவு புதியதன்று. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிழக்கிலே போர் மீண்டும் மூண்டபோது நாம் கீழ் வகுப்புப் பிள்ளை. கரும்பலகையில் எழுதிய கணக்கு அழிக்கப்படாமலே மாதக்கணக்கில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்தத்தின்போது, ‘நிறுத்தம்’ என்பதை முடிவு என்று எண்ணி மகிழ்ந்தோர் பலர். அதுவும் ஓர் இடைவேளையே என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அடுத்த தவணை பள்ளி தொடங்கியபோது கரையோரப் பாடசாலைகளின் வரவு இடாப்பில் பதில் வராத பெயர்கள் இருந்தன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. எரிபொருளின்றிப் பாடசாலைகள் மீண்டும் மூடின.

இவை யாவற்றையும் ‘பிறேக்’ என்னும் ஒரே உறையில் இடலாமா? இடலாகாது என்பதே எம் கருத்து. எண்ணிப் பார்க்குமிடத்து இடையீடு மூவகைப்படும். நாமே விடுவது ஒன்று. விடுமுறை, இடைவேளை, ஓய்வு என்பன அவ்வகை. தானே வீழ்வது ஒன்று. நினைவில் விழும் இடைவெளியும், நட்பில் விழும் இடைவெளியும் அவ்வகை. பிறிதொன்று வந்து அறுப்பது மற்றொன்று. போரும் வெள்ளமும் வறுமையும் அவ்வகை. இம்மூன்றையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. இடைவேளைக்கு இரண்டு மணிகள் உண்டு: தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. இரண்டாம் மணியை அடிப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். விடை இருந்தால் அஃது இடைவேளை. விடை இல்லையேல் அஃது இடைமுறிவு. றமழான் மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை உண்டு. அம்மாதம் முழுவதும் பூட்டிக் கிடந்தாலும் அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டதாக எவரும் சொல்வதில்லை. பிறை கண்டு பெருநாள் கழிந்ததும் வாயில் திறக்கும் என்பது அனைவர்க்கும் தெரியும். கடற்கரையில் நின்ற எம் மாணவனுக்கோ இரண்டாம் மணியை அடிப்பார் ஒருவரும் இல்லை.

ஆதலின் அதனை அடித்தல் ஆசிரியர் கடமையாயிற்று. ஆசிரியர் சிலர் கூடிப் பேசினோம். பள்ளிவாசலைச் சேர்ந்த பெரியவர்கள் இருவர் தந்தையோடு உரையாடி ஓர் ஒழுங்கு செய்தனர். பையன் விடியற்காலையில் கடலுக்குப் போவான். அஸர்த் தொழுகைக்குப் பின் எம்மிடம் வருவான். கணித ஆசிரியர் இரண்டு நாள், ஆங்கில ஆசிரியை இரண்டு நாள், நாம் எஞ்சிய நாள் என்று பங்கிட்டுக்கொண்டோம். சில மாலைகளில் அவன் பாடப் புத்தகத்தின்மேல் தலை சாய்த்து உறங்கிவிடுவான். அரைமணி நேரம் உறங்கவிட்டு எழுப்புவோம். அதுவே மெய்யான இடைவேளை. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையை அவன் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினான், தன் வகுப்புத் தோழருக்கு ஓராண்டு பிந்தி. தமிழிலும் கணிதத்திலும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியெய்தினான். உயர்தரத்துக்கு அவன் செல்லவில்லை. படகு இயந்திரம் திருத்தும் தொழிலைப் பயின்று இன்று அதனால் வாழ்கிறான். இதனைப் பெருவெற்றி என்று பறைசாற்ற நாம் முன்வரவில்லை. பல்கலைக்கழகத்தின் மணியோசை காதிற் கேட்கும் தூரத்தில் பிறந்த ஒரு நல்ல எழுத்தாளன் அங்கே போகவில்லை என்பது இழப்பே. ஆயினும் முறிந்த இடத்திலேயே அவன் நின்றுவிடவில்லை.

இலக்கண வகுப்பில் நாம் விரும்பிக் கற்பிக்கும் பகுதி ஒன்று உண்டு. இரண்டு உயிரெழுத்துகள் நேருக்கு நேர் வந்தால் நடுவே ஒலி இடறும். ஐரோப்பிய இலக்கணகாரர் இவ்விடறலையும் ‘ஹயேற்றஸ்’ என்றே அழைத்தனர். நம் இலக்கணகாரர் விட்டிசைத்தல் என்று அதனை அறிந்திருந்ததோடு அமையாது, அதற்கு மருந்தும் கண்டனர். பூ என்பதும் அரசு என்பதும் சேருமிடத்தில் வகரம் ஒன்று வந்து பூவரசு ஆகின்றது. கரை என்பதும் ஓரம் என்பதும் சேருமிடத்தில் யகரம் வந்து கரையோரம் ஆகின்றது. பவணந்தியார் நன்னூலில் விளக்கும் உடம்படுமெய் இதுவே. அந்த மெய் முன்சொல்லுக்கும் உரியதன்று, பின்சொல்லுக்கும் உரியதன்று. அதற்குத் தனிப்பொருள் இல்லை. அகராதியில் இடமும் இல்லை. அது வராவிடில் இரண்டு சொற்களும் ஒன்றாகா. ஆசிரியத் தொழிலைப் பற்றி எவரேனும் எம்மிடம் வினவினால், உடம்படுமெய் என்னும் பாடத்தை எடுத்துக் காட்டுவோம். போரால் அறுந்த ஆண்டுகளில் நம் கல்லூரி ஆசிரியர்கள் எமக்கு அவ்வாறே நின்றார்கள். வகுப்பறை இல்லாதபோது மரத்தடியிலும், விளக்கு இல்லாதபோது நிலவிலும் பாடம் சொன்னார்கள். அவர்கள் அடித்த இரண்டாம் மணியால்தான் நாம் இன்று இம்மலரில் எழுதுகின்றோம்.

இறுதியாக இம்மலரின் பெயரிலேயே இருக்கும் ஒரு சொல்லைக் கூறி அமைவோம். ‘ஜூபிலி’ என்பதும் ஆங்கிலத்தின் வழியே வந்ததே. அதன் வேர் எபிரேய மொழியில் உள்ளது. ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது என்பர். பண்டை எபிரேயர் வழக்கில் ஐம்பதாம் ஆண்டு வந்ததும் அக்கொம்பை ஊதுவர். அவ்வாண்டில் வயலை உழாது ஓயவிட வேண்டும். அடிமைகளை விடுவிக்க வேண்டும். வறுமையால் விற்ற நிலம் உரியவனிடம் மீள வேண்டும் என்பது அவர்தம் சட்டம். ஆகவே ஜூபிலி என்பதும் ஓர் இடைவேளையே. கொண்டாட்டம் அதன் பிற்காலப் பொருள். விடுபட்டவனை மீளச் சேர்த்தல் அதன் முதற் பொருள்.

பழைய மாணவ அன்பர்காள்! விழாப் பந்தல் பிரிக்கப்பட்ட பின்னர், நீங்கள் வாழும் ஊர்களிலே ‘பிறேக் எடுத்திருக்கிறேன்’ என்று சொல்லும் ஒரு சிறுவனையோ சிறுமியையோ காண்பீர்கள். அச்சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். விலகினானா, விலக்கப்பட்டானா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பின்னர், அவனுக்குரிய இரண்டாம் மணியை யார் அடிப்பது என்பதை ஆராயுங்கள். பெரும்பாலும் அம்மணியின் கயிறு உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே தொங்கும்.

கல்லூரித் தாய் நீடு வாழ்க! அவள் மணியோசை இடையறாது ஒலிக்க!